தீவிலிருந்து ஒரே சாட்சி

மாலை நாலு மணிக்கு அகராதியின் இந்த ஆண்டுத் தொகுதி அச்சுக்குப் போக வேண்டும். ஹில்ட்யே காலையிலிருந்து மழைச்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. உட்காருவதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தாள்.

நெதர்லாந்தின் லேவார்டன் அகராதி அலுவலகத்தில் எல்லாச் சொற்களுக்கும் கேள்வி அனுப்புவது அவள் வேலை; ஆனால் பதினோரு ஆண்டுகளாக அவள் கட்டி அழுதது ஒரே சொல்லை: 'தூன்'. இங்கே பிரீசிய மொழியில் அது தோட்டம். அதே வேர்ச்சொல் ஜெர்மானியருக்கு வேலி, இலக்கணத்தில் ஆண்பால். ஐஸ்லாந்துக்காரருக்கு வீட்டைச் சுற்றிய புல்வெளி, ஆணுமில்லை பெண்ணுமில்லை. ஆங்கிலேயர் அதை நகரமாக்கிவிட்டார்கள். அயர்லாந்துக்காரரோ கோட்டை என்பார்கள். வேலி எங்கே, கோட்டை எங்கே? இடையில் நிற்கும் பொருளை ஹில்ட்யே கண்டுபிடித்திருந்தாள்: ஒரு தீவில் கடலைத் தடுக்கக் கட்டிய மண்கரைக்கே அந்தப் பெயராம். தொகுதியில் வரும் அவள் கட்டுரை முழுக்க அதன்மேல்தான் நின்றது.

அதற்கு ஒரே சாட்சி, தீவில் ஆடு வளர்க்கும் ஊபலே. அலுவலகம் கடிதத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர். மனம் கேட்காமல் அவருக்குப் போன் போட்டாள்.

"கடலைத் தடுக்கிற கரையை நீங்க என்னன்னு சொல்வீங்க ஐயா?"

"கரைன்னுதான். வேற என்னன்னு சொல்றது?"

"'தூன்'னு சொல்வோம்னு எழுதியிருந்தீங்களே."

"நீதானேம்மா கேட்டே, அப்படிச் சொல்வீங்களான்னு. வருஷா வருஷம் கேக் அனுப்புற பொண்ணு. இல்லைன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? ஆமான்னு போட்டுட்டேன். ஆடு கத்துது, வைக்கட்டுமா?"

அவள் போனை வைத்தாள். பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவளோ பதிலைக் கேள்வியிலேயே ஊட்டியிருக்கிறாள். ஊபலேமேல் கோபப்படக்கூட வழியில்லை.

தலைமைப் பதிப்பாசிரியர் கெர்லோஃப் காப்பியோடு வந்தார்.

"அந்தக் கரையை எடுத்துடுங்க. ஊபலே வாயில நான் திணிச்சது அது."

"விளையாடறியா? முன்னுரையே அதை வெச்சுத்தான் எழுதியிருக்கேன். யாரு அவரைப் போய்க் கேக்கப் போறா?"

"நான் கேட்டுட்டேன்."

கெர்லோஃப் உட்கார்ந்தார். "எடுத்தா உன் கட்டுரையில என்ன மிஞ்சும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சது."

சிவப்புப் பென்சிலால் அவளே அடித்தாள். கெர்லோஃப் அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"ஹில்ட்யே, இந்த மாதிரிக் கேள்வி இவருக்கு மட்டுந்தான் அனுப்பினியா?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"நூத்தி நாப்பது பேருக்கு. எல்லாச் சொல்லுக்கும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அச்சகத்துக்கு அவரே போன் போட்டு, இந்த ஆண்டு தொகுதி வராது என்றார்.