வீங்கிய மாடும் வீங்காத மாடும்

கால்நடை ஆய்வகத்தில் ரத்தம் பார்ப்பது அவள் வேலை. மாட்டின் காசநோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் முறையைச் சீர்படுத்த, வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஊசி போட்டு வீக்கம் பார்க்கும் பழைய முறை, மண்ணில் கிடக்கும் சாதுக் கிருமிக்கும் வீங்கிக் காட்டி ஆளை ஏமாற்றும். புது முறை அப்படி ஏமாறக் கூடாது.

அண்ணியின் பண்ணையில் அந்த ஊசி போட்டபோது செவலைப் பசுவுக்கு மட்டும் கழுத்து வீங்கியது. எல்லா மாட்டின் ரத்தத்தையும் கேட்டு வாங்கினாள். மாட்டு டாக்டர் எடுத்துக் கொடுத்த குழாய்களை அண்ணியே மறுநாள் கொண்டுவந்து சேர்த்தாள்.

முடிவைப் பார்த்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மாட்டுக்கும் நோயில்லை. சரி, இருக்கட்டும். ஆனால், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்த அணுக்களை உசுப்பிவிடும் சரிபார்ப்பு மருந்துக்குக்கூட ஒரு குழாயும் அசையவில்லையே!

போன் போட்டாள். "அண்ணி, குழாயை எங்க வச்சிருந்தீங்க?"

"ஃபிரிட்ஜுலதான். கெட்டுப்போயிடக் கூடாதுன்னு பாலுக்குப் பக்கத்துலயே பத்திரமா வச்சேன்."

"ஐயோ அண்ணி! குளிர்ல அணுவெல்லாம் முடங்கிடும். அதுங்க உயிரோட இருந்தாத்தானே பதில் சொல்லும்?"

"அடிப்பாவி, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

டாக்டரைக் கூட்டிக்கொண்டு தானே போய், புது ரத்தத்தை மடியில் வைத்தபடி திரும்பினாள். இந்தத் தடவை குழாய்கள் ஒழுங்காகப் பேசின. குழப்பம்தான் இரட்டிப்பானது. வீங்கிய செவலைக்கு ஒன்றுமில்லை. வீங்கவே வீங்காத கருப்பிக்கு நோய். பண்ணையிலேயே அதிகம் கறப்பது கருப்பிதான்.

குழாயில் ஒட்டிய சீட்டு மாறியிருக்குமோ என்று மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். அதேதான்.

"வீங்கினது அது, வியாதி இதுக்கா?" என்றாள் அண்ணி.

"நோய் முத்தினா சில மாடு வீங்காமலே இருக்கும். இல்ல, என் சோதனையே தப்பா இருக்கலாம்."

"எதைத்தான் நம்புறது?"

"தெரியல அண்ணி. தெரியற வரைக்கும் கருப்பியைத் தனியாக் கட்டுங்க. அதோட பால் யாருக்கும் வேண்டாம்."

அண்ணி முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். இன்னொரு ஆய்வகத்துக்கும் ரத்தம் போனது. கருப்பிக்கு நோய் உறுதி என்று பதில் வந்தபோது, தன் முறை சரிதான் என்று அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. அண்ணியின் முகம் அப்படி இருந்தது. அதே பதிலில் செவலைக்கு நேராக 'சந்தேகம்' என்றிருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். செவலையையும் அவிழ்த்து, கருப்பியிடமிருந்து தள்ளி வேறொரு மூலையில் கட்டினார்கள்.