ஃபெலிசியா நழுவுகிறாள்

1
இந்தக் கதை ஒரு ஸ்பானிய வினைச்சொல்லிலிருந்து வந்தது, மறைக்க மாட்டேன். புர்லார்: ஏய்த்துவிட்டு நழுவுவது. கொஞ்சம் நீட்டிப் புர்லார்சே என்றால் கேலி செய்வது. ஸ்பெயின் யாத்திரைக்காக மலேசியாவில், மூவார் மாதா கோயில் கூடத்தில் வயசானதுகள் நாங்கள் மொழி படிக்கிறோம். அன்று டீச்சர் எழுத எழுத, என் பின்னால் இரண்டு குரல்கள். எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகமெல்லாம் பிறகு.

2
மூவார் ஆற்றில் அந்தி சாயும்போது ஃபெலிசியா...

(வேண்டாம். இவளுக்கு ஆறு எதற்கு? வாய் இருக்கிறது.)

"கட்டிக்கலாமான்னு கேட்டேன். பதில் சொல்லு."

"போர்டுல எஸ்கிவார்னு இருக்கே, என்னாண்ணே?"

"விலகி ஓடுறது. நீ செய்றது. அண்ணேன்னு கூப்பிடாதே!"

"ஐயோ அலமாக், உங்களுக்கு அறுபத்தாறு வயசு. தம்பின்னா கூப்பிட முடியும்?"

அவர் பர்னிச்சர் பட்டறை ரபேல், மனைவியை இழந்தவர். தையல்கடை ஃபெலிசியா கல்யாணமே கட்டாதவள். ஊர் சிரிக்கும் முன் தானே சிரித்துவிடுவாள். ஞாயிறு பூசை முடிந்ததும் ரபேல் சிங்கப்பூருக்கு, மகன் வீட்டோடு போய்விடுகிறார். அதற்குள் பதில் வராவிட்டால் அவ்வளவுதான்.

(இத்தனை கேலியைத் தாங்கும் ஆண் உண்டா? ரபேல்மீது எனக்கே சந்தேகம்.)

3
ஞாயிறு. ரபேல் காலடியில் பெட்டி. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு எங்கள் கோயிலில் பெயர்களை வாசிப்பார்கள். ஓலை என்போம்.

"முதல் ஓலை. ரபேல்..."

ஆசையில் அவர் எப்போதோ ஃபாதரிடம் கொடுத்துவைத்த பெயர்.

"...ஃபெலிசியா."

ரபேல் திரும்பினார். "உன் பேரை எப்பக் கொடுத்தே?"

"நேத்துக் காலையில."

"சாயந்திரம்கூட கேட்டேனே! சிரிச்சியே!"

"சிரிச்சேன். முடியாதுன்னா சொன்னேன்?"

"ஏமாத்துக்காரி!"

"மெதுவா லா. பூசை நடக்குது."

(இருவரையும் விசாரிக்காமல் எந்த ஃபாதரும் ஓலை வாசிக்க மாட்டார் என்கிறாள் என் தோழி அமலோற்பவம். தனித்தனியாக விசாரித்தார், போதுமா?)

4
பெட்டி வீடு திரும்பியது என்று ஒரு முடிவு எழுதினேன். "நானும் யோசிக்கணும்" என்று ரபேல் பஸ் ஏறினார் என்று இன்னொன்று. எதுவும் சரியாக...

"தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்கிறார் ஃபாதர்.

கோயிலே திரும்பி, இதை வாசிக்கும் உங்களைப் பார்க்கிறது. அவள் செய்த வேலையெல்லாம் தெரிந்தவர் நீங்கள்தானே. ஃபெலிசியா முதல்முறையாகச் சிரிக்காமல் நிற்கிறாள். ரபேலின் கை இன்னும் பெட்டிப் பிடியில்.

சொல்லப்போறீங்களா?

அவசரமில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.