எண்பது மீட்டர்

செவ்வாய்க்கிழமை மதியம் பால்பண்ணை அம்மா வந்து கேட்கும்வரை அந்த வரைபடத்தில் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. ஒரு மாதமாக அது மன்ற அலுவலகத்தின் முன்கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் தங்கள் நிலம் எங்கே என்று விரலால் தேடுவார்கள். பச்சையில் இருந்தால் முகம் சுருங்கும், மஞ்சளில் இருந்தால் மலரும். பச்சை என்றால் நல்ல மண், விவசாய மண்டலம். அங்கே பத்து ஏக்கருக்கு ஒரு வீட்டு மனைதான் பிரிக்க முடியும். மஞ்சள் என்றால் கல் மண். விருப்பம்போல் மனை போட்டுக்கொள்ளலாம். வியாழக்கிழமை காலை மன்றம் கூடி வாக்களித்தால் இரண்டு வருட இழுபறி முடிந்து அது விதியாகிவிடும்.

வரைபடத்தின் கீழ் மூலையில் அதை வரைந்தவளின் கையெழுத்து இருந்தது. அவளுக்குத் திட்டப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளப்பாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘அளவு அக்கா’ என்று பெயர். டீயில் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியைத் தட்டிச் சமன்செய்துதான் போடுவாள் என்று கேலி பேசுவார்கள்.

“ஏம்மா, என் கிணத்தை எப்ப ரோட்டுக்கு மாத்துனீங்க?” என்று பால்பண்ணை அம்மா சுவரருகே நின்றபடி கேட்டார்.

“கிணறா?”

“இதோ பாருங்க, இந்த வட்டம். அது கிணறுதானே? காலையில அதுலதான் மாட்டுக்குத் தண்ணி எடுத்தேன். அப்ப என் வீட்டுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. இங்க பாத்தா நடுரோட்டுல நிக்குது. லாரி விழுந்துடாது?”

அவரே சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள்.

“சின்னப் பிசகுங்க. பாத்து சரி பண்ணிடுறேன்.”

“பண்ணுங்க, பண்ணுங்க. எனக்கு என் கொட்டகையைச் சுத்தி பச்சையா இருக்கணும், அவ்வளவுதான். பக்கத்துல வீடு வந்தா ஒரே மாசத்துல சாணி நாறுதுன்னு மனு போடுவாங்க. பால் மட்டும் நாறாது பாருங்க.”

அவர் போனதும் அவள் மேசைக்கு வந்து கணினியில் அந்தப் பகுதிக்கான ஏழாம் தாளைத் திறந்தாள். மண் ஆய்வுத் தாள்கள் மிகவும் பழையவை; மண்ணின் வகையும் கிணற்று வட்டமும் அவற்றிலிருந்து எடுத்தவைதான். அவற்றைப் புதிய நில எல்லைப் படத்தின்மேல் பொருத்தும்போது இரண்டிலும் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பிடிமானமாக வைக்க வேண்டும். ஏழாம் தாளுக்கு அவள் ஒரு சிறுபாலத்தைப் பிடித்திருந்தாள். இப்போது பழைய கோப்பை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பழைய தாளில் இருந்தது பழைய பாலம். அது இடிக்கப்பட்டு, புதிய பாலம் கிழக்கே தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. அளந்தாள். எண்பது மீட்டர். மறுபடியும் அளந்தாள். எண்பதுதான்.

தாள் மொத்தமும் கிழக்கே நகர்ந்திருந்தது. பெரும்பாலான நிலங்களுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. நான்கு குடும்பங்களுக்கு மட்டும் நிறம் மாறியது. மூன்றில் மாற்றம் வரப்பளவு. நான்காவது நிலத்தில் சாலையோரம் ஒரே ஒரு ஏக்கராக இருக்க வேண்டிய மஞ்சள், ஐந்து ஏக்கராகப் படர்ந்திருந்தது.

அந்த நான்காவது நிலம் அவளுடைய அண்ணனுடையது.

கணினித் திரையைச் சட்டென்று மூடினாள். எதற்காக மூடினோம் என்று தோன்றியதும் பயம் பிடித்துக்கொண்டது. மடியில் கனம் இருப்பவள் செய்கிற காரியம் அல்லவா அது! ஐந்து ஏக்கர் மஞ்சளை நம்பி அண்ணன் ஆறு மனை பிரிக்கத் திட்டமிட்டிருப்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வரைந்தது அவர் தங்கை என்பதும் எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு யாராவது அளந்து பார்த்தால், பாலம் மாறிப்போன கதையை யார் நம்புவார்கள்? வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்பார்கள். ஊர் வாயை எந்த மூடியால் மூடுவது?

திட்ட அதிகாரியின் அறைக்குப் போனாள். ஓய்வுபெற அவருக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. சுவர் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டு வந்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“பால்பண்ணை அம்மா கிணத்தைப் பாத்தாங்க சார். ஆனா விஷயம் அவங்களுக்குப் புரியல.”

“அப்புறம் என்ன? வியாழக்கிழமை பாஸாகட்டும். அடுத்த மாசம் எழுத்துப்பிழைத் திருத்தம்னு ஒண்ணு போட்டு சரி பண்ணிக்கலாம். இப்ப நிறுத்தினா ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. எதிர்க்கிறவங்க இதையே பிடிச்சுக்கிட்டு மொத்த விதியையும் குப்பையில போட்டுடுவாங்க. அப்ப எந்த மண்ணும் மிஞ்சாது.”

“அந்த ஒரு மாசத்துல மனு போட்டா, போட்ட தேதியில இருக்கிற படம்தானே சார் செல்லும்? எங்க அண்ணன் வெள்ளிக்கிழமை காலையிலேயே போட்டுடுவார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது உங்க குடும்ப விஷயம்மா. அண்ணன் நிலம் அங்க இருக்குன்னு நீ முன்னாடியே சொன்னே. இந்த ஊர்ல யாருக்குத்தான் சொந்தக்காரன் இல்லை, நீயே வரைன்னு நான்தான் சொன்னேன். இப்ப யோசிச்சா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

புதன்கிழமை முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்கூடத்தில் யாராவது வரைபடத்தின் முன் கொஞ்சம் அதிகநேரம் நின்றால் எழுந்து போய்ப் பார்த்தாள். தொலைபேசி அடித்தால் திடுக்கிட்டாள். மாலை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பேருந்து மாறி அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அண்ணன் மகள். இடுப்பில் குழந்தை. மூத்தவன் பின்னால் நின்று அவள் புடவையை இழுத்துக்கொண்டிருந்தான். புது வீடு கட்டப்போகிறோம் என்று போன மாதமே வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு, குடும்பத்தோடு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் நடக்க வழியில்லை. கட்டிலும் பீரோவும் அட்டைப்பெட்டிகளும் சுவரோரம் அடுக்கியிருந்தன.

“அத்தை, நல்ல நேரத்துல வந்தீங்க! பிளான் பாருங்க. சமையலறை ஜன்னல் கிழக்கே வெச்சா நல்லாருக்குமா, வடக்கே வெச்சா நல்லாருக்குமா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவள் அந்தப் பிளானை வாங்கிப் பார்த்தாள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்வதுபோல் இருந்தது. “வடக்கே,” என்று ஏதோ சொன்னாள்.

“என்னங்க, முகமே சரியில்லையே? காய்ச்சலா?” என்று அண்ணி நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். “சாப்பிட்டீங்களா இல்லையா? உக்காருங்க முதல்ல.”

“அண்ணன் எங்க அண்ணி?”

“எங்க இருப்பார்? கல்லுக்குக் காவல்.”

அண்ணன் மக்காச்சோளம் அறுத்த வயலில், சாலைப்பக்கமாக நின்றிருந்தார். அறுபத்தொரு வயது. முதுகில் அறுவைசிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குனிய முடியாததால் கீழே கிடந்த கயிற்றைக் காலால் தள்ளித் தள்ளி நேராக்கிக்கொண்டிருந்தார். ஆறு மனைக்கும் மூலைக்கல் நட்டு, தலையில் வெள்ளைச் சாயம் அடித்திருந்தது.

“வா வா. பாரு, உன்னை மாதிரியே ரெண்டு தடவை அளந்துட்டேன். ஒரு அங்குலம் பிசகாது. இது பெரிய பொண்ணுக்கு, அது சின்னவளுக்கு. மத்த நாலும் வித்துட்டா நான் உக்காந்து சாப்பிடலாம்.”

“அண்ணா, படம் தப்பு.”

“எந்தப் படம்?”

சொன்னாள். பாலம், தாள், எண்பது மீட்டர், ஒரு ஏக்கர். சொல்லச்சொல்ல அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கற்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“யாருக்குத் தெரியும்?” என்றார் அவர். அதிகாரி கேட்ட அதே கேள்வி.

“எனக்குத் தெரியும்.”

“நாளைக்கு ஒரு நாள் நீ வாயைத் திறக்காம இருந்தா என்ன குடி முழுகிடும்? நானா வந்து கோடு போடச் சொன்னேன்? மஞ்சள்னு நீதானே போட்டே. அதை நம்பித்தானே பொண்ணு வீட்டைக் காலி பண்ணிட்டு வந்து நிக்கிறா.”

“தெரியும் அண்ணா.”

“என்ன தெரியும்? நல்ல மண்ணு, நல்ல மண்ணுன்னு காப்பாத்துறீங்க. சரி, காப்பாத்துங்க. அந்த மண்ணுல நாப்பது வருஷம் குனிஞ்சவனை யாரு காப்பாத்துறது? அவனுக்கு எந்தக் கலர் அடிச்சு வெச்சிருக்கீங்க?”

அந்த விதியை எழுதிய இரண்டு வருடத்தில் எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தக் கேள்வியை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“நாளைக்குச் சொல்லப்போறேன் அண்ணா. வேற யாரோ சொல்லி உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வந்தேன்.”

“சொல்லிட்டேல்ல? போ.”

அண்ணி தட்டில் சாப்பாடு போட்டு வைத்திருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மன்றக் கூடம் நிரம்பிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். ஒலிபெருக்கி இரண்டு முறை கீச்சிட்டு அடங்கியது. அண்ணன் கடைசி வரிசையில், முதுகுப் பட்டையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து நான்கு நாற்காலி தள்ளி பால்பண்ணை அம்மா. அவர் எந்த நிமிடமும் கிணற்றைப் பற்றி வேடிக்கையாக ஏதாவது சொல்லிவிடுவார் என்று அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டால், பிறகு தான் சொல்வது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும்.

தலைவர் “வாக்கெடுப்புக்குப் போகலாமா?” என்றார்.

அவள் எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, ஏழாம் தாள் தப்பு. தப்பு என்னோடது.” பின்வரிசைக்குக் கேட்கவில்லை. யாரோ ஒலிவாங்கியை நகர்த்தி அவள் பக்கம் வைத்தார்கள். அவள் மறுபடி சொன்னாள். பாலம் எப்படி மாறியது, எவ்வளவு நகர்ந்தது, எந்த நான்கு நிலம், அதில் அதிக லாபம் யாருக்கு என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். “அந்த நாலாவது நிலம் என் கூடப்பிறந்த அண்ணனோடது.”

கூடம் கொதித்தது.

“மாட்டிக்கிட்ட பிறகு சொல்றாங்க!”

“அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து போட்ட நாடகம்!”

“ஏழாம் தாள்தான் தப்பா, மொத்தமும் தப்பா? யாருக்குத் தெரியும்?”

அதிகாரி மேசையைப் பார்த்தபடி இருந்தார். அப்போது கடைசி வரிசையில் நாற்காலி தரையைத் தேய்க்கும் ஓசை கேட்டது. அண்ணன் இரண்டு கைகளையும் முன்வரிசை நாற்காலியில் ஊன்றி, மெதுவாக எழுந்துகொண்டிருந்தார்.

“நாடகம்னு சொன்னது யாருப்பா? நான்தான் அந்த அண்ணன். நேத்து சாயங்காலம் வந்து இவ சொன்னா. சொல்லாதேன்னு நான் சொன்னேன். கேக்கல. எனக்கு இன்னும் அவ மேல கோவம்தான், அது வேற விஷயம். ஆனா அவ திருடினான்னு யாராவது சொன்னா, என்கிட்ட வந்து சொல்லுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மன்றம் வாக்கெடுப்பை ஆறு வாரம் தள்ளிவைத்தது. விசாரணை முடியும்வரை அவளை வரைபட வேலையிலிருந்து எடுத்து, மனு வாங்கும் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த மண் ஆய்வாளர் ஏழாம் தாள் முழுவதும் நடந்து, குழி தோண்டிப் பார்த்தார். அந்த ஆறு வாரமும் அவளுக்கு ஒவ்வொரு கடித உறையையும் பிரிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மற்றத் தாள்களிலும் தப்பு இருந்தால்? தான் இரண்டு முறை அளந்ததெல்லாம் தப்பையே இரண்டு முறை அளந்ததாக இருந்தால்? அண்ணன் வீட்டிலிருந்து யாரும் அழைக்கவில்லை. அண்ணி மட்டும் ஒருமுறை, “பேரனுக்கு ஜலதோஷம், அதான் பேச முடியல” என்று செய்தி அனுப்பினார்.

மற்றப் பதினொரு தாள்களும் சரியாக இருந்தன. கவனக்குறைவு என்று எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, வேலை பிழைத்தது; கவுன்டரிலிருந்து மட்டும் இன்னும் மாற்றவில்லை. ஆனால் ஆய்வாளரின் குழிகள் வேறொன்றையும் காட்டின. சாலையோரக் கல் மண், பழைய தாள் சொன்னதைவிடச் சற்று அகலமாகவே இருந்தது. அண்ணன் நிலத்தில் அது இரண்டு ஏக்கர். மன்றம் விதியில் ஒரு வரி சேர்த்தது: கல் மண்ணிலும் வீடுகள் சிதறாமல் சாலையை ஒட்டி ஒரே கொத்தாக இருக்க வேண்டும், மாட்டுக் கொட்டகையிலிருந்து நூறு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அப்படிக் கழித்துப் பார்த்தால் அவருக்கு இரண்டு மனை வந்தது. மிச்ச பத்து ஏக்கரைப் பால்பண்ணை அம்மா தீவனம் போடக் குத்தகைக்குக் கேட்டார் என்று யாரோ சொன்னார்கள். வயலில் குனிந்த முதுகுக்கு விதியில் எங்கும் ஒரு வரி இல்லை. தலைவரிடம் அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தாள். இன்னும் பதில் வரவில்லை.

விதி நிறைவேறிய மறுவாரம் ஒரு காலையில், கவுன்டர் முன் வரிசையில் அண்ணன் நின்றிருந்தார். டோக்கன் எண் பதினேழு. முறை வந்ததும் மனுவைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். மனை இரண்டு, பெயர், அளவு எல்லாம் அண்ணன் மகளின் குண்டு எழுத்தில் இருந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. “இதை நான் வாங்கக் கூடாது. பக்கத்துக் கவுன்டர்ல குடு.”

அவர் மனுவை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கவுன்டருக்கு நகர்ந்தார். அங்கிருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மனுவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“ஒரு இடம் காலியா இருக்குங்க. அப்பா பேரு?”

அண்ணன் திரும்பாமல், கட்டைவிரலால் பக்கவாட்டில் காட்டினார்.

“அதோ உக்காந்திருக்காளே, அவ அப்பா பேருதான். கேட்டு எழுதிக்கோங்க.”