பசை காயும் வரை

சொரிமுத்துவுக்குத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாடிப்படிக்கு வினைல் விரிப்பு ஒட்டுவதென்றால் மேல்படியில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வருவான். கீழிருந்து மேலே போகிறவன் கடைசியில் மாடியிலேயே மாட்டிக்கொள்வான். மேலிருந்து இறங்கினாலும் மாடியில் வேறு யாராவது இருந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான். அதனால் பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் மூன்று தடவை கேட்டுவிடுவான்.

"மேல யாரும் உண்டாம்மா?"

"நான் மட்டுந்தான். எனக்குக் கீழ ஒரு சோலியும் இல்ல" என்று மூன்று தடவையும் சொன்னாள் பாகீரதி. அடைத்த கதவுக்குப் பின்னால் அவள் புருஷன் கோலப்ப பிள்ளை உண்ட மயக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தார். ஆரியசாலைத் தெருவெல்லாம் இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்ததில் அவருடைய குறட்டை வெளியே கேட்கவில்லை. இரண்டரை மணிக்கு அடிக்க வேண்டிய டைம்பீஸின் வாயை அவள் ஏற்கெனவே அடைத்துவிட்டிருந்தாள்.

கீழே கடை, மேலே வீடு. பிள்ளை புளி மொத்த வியாபாரி. காலை ஆறரைக்கு இறங்குவார், மதியம் உண்ண ஏறுவார், அரைமணி கண்ணயர்வார், மறுபடி இறங்குவார், விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து ஏறுவார். கல்யாணமாகி வந்த இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பாகீரதி அவரிடம் பேசியதெல்லாம் அவர் முதுகிடம்தான். அவள் மேல்படியில் நின்று தொடங்குவாள், அவர் இறங்கிக்கொண்டே "பெறகு பேசலாம்" என்பார். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அந்தப் 'பெறகு' ஒன்றுதான் நாளொரு மேனியாக வளர்ந்தது.

ஒன்பது நாளுக்கு முன்னால் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்பு, யாரிடமும் சொல்லாமல் எழுதிப்போட்ட மனு. நாளைக் காலை பத்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒன்பது நாளும் சொல்லிப் பார்த்தாள். ஒன்பது தடவையும் முதுகு இறங்கிப் போனது. சொல்லாமல் போய்விடலாம் என்றால் அதற்கு மனம் துணியவில்லை, சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

வினைல் ஒட்டுவது பிள்ளையின் ஆசை. எறணாகுளத்தில் யாரோ ஒரு ஏஜென்டின் ஆபீஸில் பார்த்துவிட்டு வந்தவர், பலாப்பலகைப் படியை மூடி, பலாப்பலகை மாதிரியே வரி அச்சடித்த வினைல் ஒட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அசலை மறைத்துப் போலியைப் போடுகிற அழகு என்ன அழகோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். அவர் இறங்கியபின் மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கச் சொல்லியிருந்தார். சொரிமுத்து சரியாக மூன்றுக்கு வந்தான். முதலாளி இறங்கியிருப்பார் என்றுதான் அவனும் நினைத்தான்.

பாகீரதி ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பசையைப் பல்லுக்கரண்டியால் இழுக்கிற சத்தம், பிறகு கத்தி, பிறகு மரச்சுத்தியால் மெத்தென்று தட்டுவது. ஒட்டின படி எழும்பாமலிருக்கப் படிக்கொன்றாகப் புளிப்பொதி வைத்தான். ஒவ்வொரு படியாக அந்தச் சத்தம் கீழே கீழே போயிற்று. படி திரும்புகிற தளத்தில் வெகுநேரம் நின்றது, பிறகு அதுவும் அமிழ்ந்தது. பசையின் இனிப்பு வாசனையும் புளி வாசனையும் கலந்து ஏறிவந்தபோது அவளுக்குத் தலை லேசாகச் சுழன்றது. மாடி கட்டவிழ்ந்து, மழைத் தண்ணீரில் மெல்லக் கரமனை ஆற்றுப் பக்கம் மிதந்து போவதுபோல இருந்தது. போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

கீழேயிருந்து சொரிமுத்துவின் குரல் கேட்டது. மழைக்காலம், பசை காய நேரமாகும், நாளை விடியும்வரை ஒரு ஈ காக்கா மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிள்ளை எழுந்தபோது மணி நாலரை. சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தவர் மேல்படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். தூக்கின காலுக்குக் கீழே அவருடைய சொந்த ஆசை பளபளத்துக்கொண்டிருந்தது. மிதிக்க மனசு வரவில்லை. கணக்கப்பிள்ளை சேஷனைக் கூவி அழைத்தார். சரக்கு வைக்கிற கிட்டங்கியிலிருந்து வந்த சேஷன், எல்லாம் தாம் பார்த்துக்கொள்வதாகவும் முதலாளி ரெஸ்ட் எடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். தாம் இல்லாமலும் கடை நடக்கிறது என்பது பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

திரும்பி வந்து நடுவீட்டில் நின்றார். மழை விட்டிருந்தது. மேற்கு ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் தரையில் நீளமாக விழுந்து சுவர்வரை ஏறியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க வெயில் வருமா?"

"வேனல்ல தெனமும் இந்நேரம் வரும்" என்றாள் பாகீரதி. காப்பியை வைத்துவிட்டு, கூடவே கடிதத்தையும் வைத்தாள்.

இரண்டு தடவை படித்தார். நாளைக்கா என்று கேட்டார். நாளைக்குத்தான் என்றாள். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஒன்பது நாளாகச் சொல்கிறேன், நீங்கள்தான் இறங்கிக்கொண்டே இருந்தீர்கள் என்றாள். அவர் டைம்பீஸை எடுத்துப் பார்த்தார், படியைப் பார்த்தார். மெல்ல விஷயம் விளங்கியது.

"ஏட்டி, நான் உள்ள கெடக்கும்போ, மேல யாருமில்லன்னு அவன்கிட்டச் சொன்னியா?"

"நான் மட்டுந்தான்னு சொன்னேன். பன்னெண்டு வருசமா அப்படித்தானே இருக்கேன். பொய் சொன்னதாட்டு எனக்குத் தோணல்ல."

பிள்ளை நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் சுவரில் ஏறி மங்கி மறைகிறவரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று கத்தியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்தபடி படுத்தாள் பாகீரதி.

காலையில் அவள் குளித்துப் புடவை மாற்றிக் குடையும் பையுமாக வந்தபோது, பிள்ளை மேல்படியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்திருந்தது. வழக்கம்போல இறங்கிவிடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். இறங்கத்தான் செய்தார். ஆனால் படியில் வைத்த பொதிகளை எடுத்து ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இறங்க வேண்டியிருந்ததால், அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினார். ஒரு பொதியை ஒதுக்குவார், ஒரு படி இறங்குவார், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார். எந்த பஸ் என்று கேட்டார். கிழக்கேகோட்டையில் ஏற வேண்டும் என்றாள். சோறு எடுத்தாயா என்று கேட்டார், மழை வந்தால் குடை தாங்குமா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன பதிலை நின்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தார்.

படி திரும்புகிற தளத்துக்கு வந்ததும் பொதியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"கதவப் பூட்டிட்டு வா. சாவிய எங்கிட்டத் தா. நீ வாறதுக்கு முந்தி நான் மேல வந்து தெறந்து வைக்கேன்."