பதினெட்டில் பதினோரு பேர்

என் கேமராவோடு சேர்ந்து வந்த சின்ன ஜூம் லென்ஸை அத்தான் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு லென்ஸா? வெறும் பிளாஸ்டிக். கத்துக்கிட்டதும் தூக்கிப் போட்டுடு."

அக்காவின் கணவராயிற்றே என்று லென்ஸை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

அன்று வீட்டில் அவரைத் தவிர நாங்கள் பதினோரு பேர். எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார் அப்பா. அத்தான் தன் கேமராவில் பெரிய லென்ஸை மாட்டினார். அதில் ஜூம் கிடையாது. ஒற்றை முகத்தை அழகாக எடுக்கத்தான் அது லாயக்கு. அவர் பின்னால் போனார், சோபாவைத் தாண்டினார், சமையலறைக்குள் நுழைந்தார். கடைசியில் முதுகு ஃபிரிட்ஜில் முட்டியது.

"இப்ப எத்தனை பேர் தெரியறோம்?" என்று கேட்டாள் சித்தி.

"அஞ்சு பேர். அதுலயும் சித்தப்பாவுக்குப் பாதி மூஞ்சிதான்."

"அப்ப மத்தவங்க எல்லாம் வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "உன்னோடதைக் கொஞ்சம் குடு. சும்மா போட்டுப் பார்ப்போம்."

என் லென்ஸைத் தன் கேமராவில் மாட்டி, வளையத்தைப் பதினெட்டுக்குத் திருப்பினார்; இருப்பதிலேயே அகலமாகக் காட்டும் எண் அது. சோபா பக்கத்தில் நின்றே எடுத்தார். பதினோரு பேரும் பளிச்சென்று விழுந்திருந்தோம்.

எல்லோரும் படத்தைப் பாராட்டியதும், "லென்ஸ்ல என்ன இருக்கு? எல்லாம் எடுக்கிற கையிலதான் இருக்கு" என்றார்.

சாயங்காலம் அவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது வாசலை மறித்து நின்றேன்.

"கையைத் தாராளமா கொண்டு போங்க அத்தான். லென்ஸை மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."