அவரைப் பந்தலில் ஒரு கார்த்திகை

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதுதான் முறை. வீட்டில் கற்பூரம் இல்லாததால், மலையைப் பார்த்துப் பீடியை அணைத்துச் சொல்கிறேன்.

எழுபத்தைந்தாம் வருடக் கார்த்திகையில் தொடங்கியது. அடி அண்ணாமலையில் என் வீட்டுப் பின்புறம் ஓர் அவரைப் பந்தல். அதில் பயறளவுக்கு உருண்டையாக ஒரு பச்சைப் பூச்சி உண்டு. தொட்டால் கை மூன்று நாள் நாறும். என் மனைவி வள்ளிதான் முதலில் கவனித்தாள். தாய்ப்பூச்சி இலையடியில் இரண்டு வரிசையாக முட்டை வைக்கும். முட்டைகளுக்கு நடுநடுவே, கடுகைவிடச் சின்னதாகப் பழுப்பு உருண்டைகளையும் வைத்துவிட்டுப் போகும். குஞ்சு பொரிந்ததும் முதல் வேலையாக அந்த உருண்டையைத்தான் உறிஞ்சும்.

“பாருங்க, புள்ளைங்களுக்குக் கட்டுச்சோறு வச்சுட்டுப் போவுது,” என்றாள்.

அப்போது அவளுக்கு ஐந்து மாதம். ஒரு விளையாட்டுக்கு, ஓர் இலையில் இருந்த உருண்டைகளை எல்லாம் ஊக்கால் சுரண்டி எடுத்துவிட்டாள். பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“புள்ளத்தாச்சி செய்யற வேலையா இது? தாயில்லாப் புள்ளைங்களா ஆக்கிட்டேனே!”

ஆனால் அந்தக் குஞ்சுகள் சாகவில்லை. பனியும் தூறலும் கொழுந்துமாக இருந்த மாதம் அது. சவலையாகத்தான் இருந்தன, இருந்தாலும் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன.

சித்திரை நாலாம் தேதி எங்களுக்குப் பெண் பிறந்தது. குழந்தை வாய் வைப்பதற்குள் வள்ளி போய்விட்டாள். சீம்பால் ஒரு சொட்டு இறங்கவில்லை. குழந்தைக்கு உண்ணாமலை என்று பெயர் வைத்தேன்.

பக்கத்து வீட்டு எல்லம்மாள் ஆட்டுப்பால் கொண்டுவந்து சங்கில் புகட்டினாள். அந்த வெயிலில் பால் ஒரு மணி நேரம் தாங்காது. குழந்தை குடிக்கும், குடித்ததைக் கக்கும். வீட்டுக்குள் அனல். தூளியைப் பந்தலில் கட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பார்க்க வேறு என்ன இருக்கிறது? பூச்சிதான்.

தாய்ப்பூச்சி உருண்டை வைத்துத்தான் இருந்தது. குஞ்சுகள் உறிஞ்சத்தான் செய்தன. உறிஞ்சியும் ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிர்ந்தன. என் தலையில் விழுந்தன, தூளியில் விழுந்தன.

பூச்சி மருந்துப் பவுடரோடு கிராமசேவக் பலராமன் வந்தார்.

“மருந்தடிக்க வுட மாட்டேன்றியே, நீ இன்னா அதுங்களுக்கு மாமனாரா?”

“அது கெடக்கட்டும் சார். தாய் வச்சதைத் தின்னுட்டும் குஞ்சு ஏன் சாவுது?”

அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். “அந்த உருண்டையில நல்ல கிருமி இருக்கும்யா. அது வயித்துல போனாதான் அவரைச் சாறு ஒடம்புல ஒட்டும். வெயில் ஜாஸ்தியானா அந்தக் கிருமி செத்துடும்னு நெனைக்கிறேன். அப்புறம் அது வெறும் உருண்டைதான்.”

தூளியை எட்டிப் பார்த்தார். பவுடர் டப்பாவைத் திறக்காமலே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சித்திரையில் தாய் வைத்தும் சாகிறது. கார்த்திகையில் தாய் வைக்காமலும் பிழைக்கிறது. அப்படியானால் உண்ணாமலைக்கு வேண்டியது ஒரு கார்த்திகை.

செய்தேன். பந்தலைச் சுற்றிக் கோணிச்சாக்கு கட்டினேன். கிணற்றிலிருந்து நாளைக்கு முந்நூறு குடம் இறைத்து அதன்மேல் ஊற்றினேன். மூன்றாம் நாள் பந்தலுக்குள் பனி இறங்கியது. நாலாம் நாள் தவளை கத்தியது. மறுபடி வந்த பலராமன் மப்ளர் சுற்றிக்கொண்டுதான் வெளியே போனார். வெளியே சித்திரை மாதத்து வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் பூச்சிக்குஞ்சுகள் உதிர்வது நின்றது. குழந்தையும் கக்குவதை நிறுத்தியது. அழுவதையும் நிறுத்தியது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு சில்லென்று இருந்தது. நான் கேட்ட கார்த்திகை வந்துவிட்டது.

எல்லம்மாள் ஓர் அகல் விளக்கைக் கொண்டுவந்து தூளிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தாள். தீபத்தன்று விளக்கேற்றுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கந்தான். ஆனால் அவள் ஏனோ அழுதாள்.

“தீபத்தன்னைக்கு இன்னாத்துக்கு எல்லம்மா அழுவற?” என்றேன்.

“போதும்பா. கொடத்தைக் கீழ வை. போதும்,” என்றாள்.

உண்ணாமலைக்கு இப்போது பன்னிரண்டு வயது. டவுனில் ஏழாவது படிக்கிறாள். தாயைப் போலவே நெற்றி. அவரைக்காய்ப் பொரியல் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். “எப்பப் பாரு இந்தப் பந்தல்லயே குந்திக்கினு இருக்கியேப்பா, உள்ள வரமாட்டியா?” என்று தினமும் என்னைத் திட்டுவாள்.

அந்த வருடம் சித்திரை பதினைந்தாம் தேதி உண்ணாமலையை இந்தப் பந்தலுக்கு அடியில்தான் புதைத்தேன்.