நாடாவுக்கு ஒரு கம்பி

விடிந்தும் விடியாத நேரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் தறிக்குப் போகும் பாவு நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் பத்துப் பேர் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் துணி. அறுபத்தெட்டாம் வருஷம்; ஊரெல்லாம் ஹாங்காங் காய்ச்சல். வாயில் துணி கட்டாதவன் பாவுப் பக்கம் வரக்கூடாது என்று தெரு நாட்டாமை உமாபதி உத்தரவு போட்டிருந்தார்.

பஞ்சாட்சரமும் துண்டைக் கட்டியிருந்தான். கட்டியதற்கு அவன் அடித்த கூத்துதான் தாங்கவில்லை.

"இன்னா நாட்டாமை, வாயைக் கட்டிட்டா பேச்சை எங்க வச்சிக்கினு போறது? மடியில முடிஞ்சிக்கட்டுமா?"

"உன் பேச்சு எங்கயும் போவாதுபா. நீ துண்டை மூக்குக்கு மேல ஏத்து."

கேலி பேசினானே தவிர, துண்டை இறக்கவில்லை. காரணம் அவன் வீட்டில் இருந்தது. மனைவி ஏலவார்குழலிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. "வாயும் வயிறுமா இருக்கறவங்களுக்கு இந்தக் காய்ச்சல் ஆவாது, ஜாக்கிரதை" என்று நர்ஸ் ஜெயம்மாள் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பாவு வேலை முடிந்ததும் எதிர்வீட்டுக்கு நெய்யப் போனான். அது மைத்துனன் கைலாசத்தின் வீடு. கைலாசத்தின் பெண்டாட்டி மாகறலுக்குத் தாய்வீடு போயிருந்தாள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகக் கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். மாமனும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தார்கள். இரண்டு பேர் வாயிலும் துணி இருந்தது.

ஆனால் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவில் நூல் தீரும்போதெல்லாம் ஒரு காரியம் நடந்தது. நூல் சுற்றிய புதுத் தாரைப் போட்டு, நூல் முனையை நாடாவின் ஓட்டைக்குள் விட்டு, வெளிப்பக்கம் வாயை வைத்து ஒரே உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வந்துவிடும். பாட்டன் காலத்துப் பழக்கம். பஞ்சாட்சரம் துண்டை இறக்குவான், உறிஞ்சுவான், ஏற்றுவான். அடுத்த தாருக்குக் கைலாசம் அதே நாடாவில் வாய் வைப்பான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அந்தப் பழக்கம் இரண்டு பேர் கண்ணிலும் படவே இல்லை. பட்டிருந்தாலும், 'மச்சான் என்ன வேற்று ஆளா?' என்றுதான் பஞ்சாட்சரம் நினைத்திருப்பான்.

நான்காம் நாள் கைலாசம் காய்ச்சலில் விழுந்தான். ஜெயம்மாள் வந்து பார்த்தாள்.

"தெருவுல கட்டினோம், தறியிலயும் கட்டினோம். அப்புறம் எப்டிமா வந்துது?" என்று பஞ்சாட்சரம் சண்டைக்கே போனான்.

"தறியில உக்காந்து இன்னா செய்வீங்களோ, அதைச் செஞ்சி காட்டுங்க."

காட்டினான். தாரைப் போட்டான். நூல் முனையை ஓட்டைக்குள் விட்டான். துண்டை இறக்கி நாடாவை உதட்டருகே கொண்டு போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நேத்து சாயங்காலம்கூட இவன் உறிஞ்ச நாடாவை நான் உறிஞ்சேனேமா. ராத்திரி வீட்டுக்குப் போயி அவ கையால சாப்ட்டேனே" என்றான்.

"இனிமே உங்க வீட்டுக்குள்ள போவாதீங்க. பத்து நாள் இங்கயே இருங்க."

இருந்தான். இரண்டாம் நாள் அவனுக்கும் காய்ச்சல் வந்தது. ஒரே நாடாவில் வாய் வைத்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் முனகிக்கொண்டு கிடந்தார்கள். உடம்பு நோவைவிடத் தன் வீட்டு நினைப்புதான் பஞ்சாட்சரத்தை வாட்டியது. ஏலவார்குழலி காலையில் கஞ்சிச் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடுத்தெருவில் போய் நிற்பாள். இவன் ஜன்னல் வழியே கேட்பான்.

"இருமல் இருக்குதா?"

"இல்லீங்க."

"தலைவலி?"

"தினம் நீங்க கேக்கறீங்களே, அதுலதான் வருது."

பதினோராம் நாள் ஜெயம்மாள் அவளைச் சோதித்துவிட்டு எதிர்வீட்டு வாசலுக்கு வந்தாள். "உங்க வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல. வயித்துல இருக்கறது நல்லா உதைக்குது. நீங்களும் வீட்டுக்குப் போவலாம்" என்றாள். பஞ்சாட்சரம் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். தேறி உட்கார்ந்திருந்த கைலாசம் சிரித்தான். அப்படி ஒரு நிம்மதி அந்த வீட்டில் அதுவரை இருந்ததில்லை.

அன்றைக்கே பஞ்சாட்சரம் பழைய குடைக்கம்பி ஒன்றை முறித்துத் தேய்த்து, நுனியைக் கொக்கியாக வளைத்தான். நாடா ஓட்டையில் விட்டு இழுத்தால் நூல் வந்தது.

அடுத்த பாவு நாளில் அதே தெரு நெசவாளி சிட்டிபாபு துணியைத் தாடையில் இறக்கிவிட்டுக்கொண்டு வந்தான். "காய்ச்சல் கொறஞ்சிக்கினு வருது. நாமெல்லாம் ஒரே தெரு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நமக்குள்ள எதுக்குண்ணே இது?"

உமாபதி வாய் திறப்பதற்குள் பஞ்சாட்சரம் முன்னால் வந்தான். இந்த முறை கேலி இல்லை.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னுதான்பா நானும் துண்டை எறக்கினேன். வேத்தாளுகிட்ட எல்லாரும் உஷாராத்தான் இருக்கறோம். இந்தக் காய்ச்சல் சொந்தக்காரன்கிட்டருந்துதான் வீட்டுக்குள்ள வருது. நாட்டாமைக்குப் பயந்து கட்டற துணி தெருவோட நின்னுடும். வீட்டுல இருக்கற உசுருக்காகக் கட்டினாதான் அது தறி வரைக்கும் வரும்."

சிட்டிபாபு துணியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டான். பஞ்சாட்சரம் பக்கத்தில் நின்று கஞ்சி தடவிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, அந்தக் கம்பி எனக்கும் ஒண்ணு வளைச்சிக் குடேன்."